மௌனம் சம்மதமா? உறுப்பு தானம் பற்றி வாசகர் கேள்விகள்

'வேண்டாம்' என்று எழுதிவைக்காமல் இறந்துபோன ஒருவரை, உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளலாமா? இதைச் சுற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எங்கள் மருத்துவ, சட்டக் குழு பதில் தருகிறது.

கேள்வி: தானத்துக்கு நாமே பெயர் கொடுப்பது, மறுக்காதவர் எல்லோரும் தானம் செய்பவர் என்று சட்டமே வைத்துக்கொள்வது. இரண்டும் நடைமுறையில் எப்படி வேறுபடுகின்றன?

முதல் முறையில் நீங்கள் 'ஆம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இறந்தால், முடிவு குடும்பத்தின் கைக்குப் போகும். அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா எல்லாம் இந்த வகை. ஜெர்மனியில் இதை மாற்ற ஒரு மசோதா வந்து, 2020 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தோற்றது.

இரண்டாவது முறையில் 'இல்லை' என்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும். ஸ்பெயின் 1979-லும், ஆஸ்திரியா 1982-லும், பெல்ஜியம் 1986-லும், சிங்கப்பூர் 1987-லும் இப்படிச் சட்டம் செய்தன. வேல்ஸில் 2015 டிசம்பரிலும், இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலும் இது நடைமுறைக்கு வந்தது. வசதிக்காக முதலாவதை விருப்ப முறை என்றும் இரண்டாவதை மறுப்பு முறை என்றும் குறிப்பிடுகிறோம்.

இரண்டுமே இறந்தபின் தரும் உறுப்புகளைப் பற்றியவை. உயிரோடு இருப்பவர் ஒரு சிறுநீரகமோ கல்லீரலின் ஒரு பகுதியோ தருவதற்கு அவருடைய வெளிப்படையான சம்மதம் வேண்டும். மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளும் அனுமானத்துக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: மறுப்பு முறை உள்ள ஆஸ்திரியாவில் சம்மதம் 99 சதவீதத்துக்கு மேல், பக்கத்து ஜெர்மனியில் 12 சதவீதம் என்று படித்தேன். இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது?

அந்த எண்கள் சரிதான். 2003-ல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் வந்தவை: ஆஸ்திரியா 99.98, ஜெர்மனி 12. ஆனால் அவை எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் எண், பதிவேட்டில் 'வேண்டாம்' என்று எழுதாதவர்களின் எண்ணிக்கை. அதில் சட்டம் இருப்பதே தெரியாதவரும் உண்டு, தெரிந்தும் சோம்பலில் விட்டவரும் உண்டு. இறந்தபின் உண்மையில் எத்தனை பேரிடமிருந்து உறுப்பு கிடைத்தது என்பது தனிக் கணக்கு. அதைப் பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு எத்தனை கொடையாளர் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே 99-க்கும் 12-க்கும் உள்ளது போன்ற இடைவெளி இல்லை.

ஸ்பெயினின் கதை இதை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. மறுப்பு முறைச் சட்டம் அங்கே வந்தது 1979-ல். பத்து ஆண்டு கழித்து, 1989-லும் பத்து லட்சத்துக்கு 14 கொடையாளர்தான். அந்த ஆண்டு ரஃபேல் மத்தேசான்ஸ் தலைமையில் தேசிய மாற்று உறுப்பு அமைப்பு தொடங்கியது. அதன் பிறகே எண் ஏறத் தொடங்கி 40-ஐத் தாண்டியது. சட்டத்தின் வாசகம் இரண்டு காலத்திலும் ஒன்றுதான். ஆகவே ஏற்றத்துக்குக் காரணம் சட்டம் அல்ல என்று மத்தேசான்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம், விருப்ப முறையிலேயே இருக்கும் அமெரிக்காவும் 40-ஐத் தாண்டியிருக்கிறது.

மறுப்பு முறையால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேல்ஸில் 2015-16-ல் 58 சதவீதமாக இருந்த சம்மதம் 2018-19-ல் 77 ஆனது. சட்டத்தோடு சேர்த்துப் பல ஆண்டுகள் மக்களிடம் விடாமல் விளக்கம் கொடுத்தார்கள். 'உங்கள் முடிவை வீட்டில் சொல்லுங்கள்' என்பதுதான் அந்த விளக்கத்தின் மையம். இங்கிலாந்தில் சட்டம் வந்தது பெருந்தொற்றின் நடுவே. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே சம்மத விகிதம் ஏறவில்லை, குறைந்தது. சட்டம் ஒரு தள்ளு தரும். ஆனால் வண்டி ஓட வேறு பல தேவை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: அப்படியானால் ஸ்பெயினில் என்னதான் செய்தார்கள்?

ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்தார்கள். அவர் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் டாக்டரே. கடும் மூளைக் காயத்தோடு வந்தவர்களில் யாருக்கு மீட்சி இல்லை என்பது அந்தப் பிரிவில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் கவனிக்காவிட்டால், எந்தச் சட்டமும் அந்தப் படுக்கை வரை போகாது. பெரும்பாலான வாய்ப்புகள் இங்கேதான் நழுவுகின்றன. குடும்பம் மறுத்து நழுவுவது ஒரு பகுதி. யாரும் கேட்காமலேயே நழுவுவது இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதியை வெளியில் இருப்பவர்கள் அறிவதே இல்லை.

தானம் செய்யும் நிலையில் இறப்பவர்கள் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தால்தான் இதயம், கல்லீரல் போன்றவற்றைப் பயன்படுத்த முடியும். மொத்த மரணங்களில் இது சுமார் நூற்றில் ஒன்று. பதிவேட்டில் கோடிப் பேர் இருந்தாலும் கைக்கு வருவது இந்த ஒன்றுதான்.

அதிலும் நேரம் நெருக்கும். மூளை இறந்ததும் உடலின் கட்டுப்பாடு ஒவ்வொன்றாக விட்டுப்போகும். ரத்த அழுத்தம் சரியும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்று, லிட்டர் கணக்கில் நீர் வெளியேறும். உடல் சூடு இறங்கும். இவற்றை மருந்தாலும் திரவத்தாலும் மணிக்கு மணி சரிக்கட்டிக்கொண்டேதான் ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், தொற்று நோய்ச் சோதனைகள், இதய ஸ்கேன் எல்லாம் நடக்கும். உறுப்பை எடுத்துக் குளிரில் வைத்த பிறகும் அவகாசம் சொற்பம்: இதயத்துக்கு 4 முதல் 6 மணி, நுரையீரலுக்கு 6 முதல் 8, கல்லீரலுக்கு ஏறக்குறைய 12, சிறுநீரகத்துக்கு 24 முதல் 36.

ஸ்பெயினில் கவனித்த இன்னொரு விஷயம், கேட்கும் விதம். இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். மரணச் செய்தியையும் தானக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. முதலில் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். குடும்பம் அதை உள்வாங்கியதா என்று பார்த்து, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, பிறகு தனியாக உட்காரவைத்துத் தானம் பற்றிப் பேச வேண்டும். வராந்தாவில் நின்றபடி கேட்ட கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்'தான்.

சொற்களும் முக்கியம். 'மூளை செயலிழந்துவிட்டது, வென்டிலேட்டரில் உயிரோடு வைத்திருக்கிறோம்' என்று ஒரு டாக்டர் சொன்னால், கேட்பவர் மனதில் உயிர் இருக்கிறது என்றுதான் பதியும். அடுத்த வாக்கியத்தில் உறுப்பு கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? தமிழில் 'மூளைச்சாவு' என்ற சொல்லே, மூளை மட்டும் செத்தது, ஆள் இருக்கிறார் என்ற தோற்றத்தைத் தருகிறது. 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைத் தயங்காமல் சொல்வதே நேர்மை.

கேள்வி: இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. இறந்துவிட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தவறாகிவிடாதா?

எங்களுக்கு வந்ததிலேயே நியாயமான சந்தேகம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இதயத்துக்குத் துடிப்பை உண்டாக்கும் மையம் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. பிராணவாயு கிடைக்கும்வரை மூளையின் உத்தரவு இல்லாமலும் அது துடிக்கும். மார்பு ஏறி இறங்குவது இயந்திரம் காற்றைத் தள்ளுவதால். மூச்சுவிடு என்று உத்தரவிடும் இடம் மூளைத்தண்டு. அது அழிந்தால் திரும்பாது.

சோதனைக்கு முன் சில நிபந்தனைகள் உண்டு. மூளை அழிந்ததற்கான காரணம் தெரிந்திருக்க வேண்டும். உடல் சூடு 36 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மயக்க மருந்தோ தசைகளைத் தளர்த்தும் மருந்தோ உடலில் மிஞ்சியிருக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் உப்புச் சத்துகளும் பெரிதாகக் கெட்டிருக்கக் கூடாது. தவறு நேர வாய்ப்புள்ள இடம் இதுதான். குளிர்ந்துபோன உடலும் மருந்தில் மூழ்கிய மூளையும் இறந்ததைப் போலவே காட்டும். அவசரப்படாமல் மருந்து வடியும்வரை காத்திருக்கிறார்களா என்று குடும்பத்தினர் தாராளமாகக் கேட்கலாம்.

பிறகு, கண்மணியில் ஒளி பாய்ச்சுவார்கள், சுருங்கக் கூடாது. கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்கக் கூடாது. காதுக்குள் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டால், மூளைத்தண்டு வேலை செய்பவருக்குக் கண் அசையும், இங்கே அசையாது. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் குழாயால் சீண்டினால் குமட்டலோ இருமலோ வராது. இவ்வளவும் ஆன பிறகு மூச்சுச் சோதனை. நுரையீரலைப் பிராணவாயுவால் நிரப்பிவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய குழாயில் பிராணவாயு மட்டும் கொடுத்து 8 முதல் 10 நிமிடம் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். வழக்கமான அளவு 40. அது 60 மி.மீ. பாதரசத்தை எட்டியும் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை என்றால், மூச்சுமையம் இல்லை என்று பொருள். மூச்சடக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அதைவிடப் பலமான தூண்டுதல் உடலில் கிடையாது.

முகத்தில் காயமோ நுரையீரல் நோயோ இருந்து இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாவிட்டால், மூளைக்கு ரத்தம் போகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். உறுப்பு மாற்று அணியைச் சேர்ந்த எவரும் இந்த முடிவில் பங்கேற்கக் கூடாது என்பது எங்கும் உள்ள அடிப்படை விதி. சில சமயம் கை விரல் அசையும், கை மேலே எழும்பவும்கூடச் செய்யும். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். ஆகவே இதை முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லிவைப்பது டாக்டரின் கடமை.

கோமா வேறு, இது வேறு. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருக்கலாம், மீண்டவரும் உண்டு. இங்கே மீட்சி இல்லை.

கேள்வி: 'தானம் செய்பவர்' என்று பதிவில் இருந்தால் டாக்டர்கள் காப்பாற்றப் பாடுபட மாட்டார்கள் என்கிறார்களே?

சிகிச்சை தருபவர்களும் உறுப்பு மாற்று செய்பவர்களும் வேறு வேறு ஆட்கள். சிகிச்சை தோற்று, மரணம் உறுதியான பிறகு, அல்லது மீட்சி இல்லை என்று சிகிச்சையை நிறுத்த முடிவான பிறகுதான் பதிவேட்டைப் பார்ப்பது முறை. தவிரவும், உறுப்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்றால் ரத்த ஓட்டமும் பிராணவாயுவும் கடைசிவரை சரியாக இருக்க வேண்டும். கைவிடப்பட்ட நோயாளியின் உறுப்பு எவருக்கும் பயன்படாது.

கேள்வி: நான் பதிவு செய்துவிட்டேன். என் பிள்ளைகள் மறுத்தால் என் விருப்பம் என்னாகும்?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் வயதுவந்தவர் செய்த பதிவு சட்டப்படி கட்டுப்படுத்தும், குடும்பம் அதை மாற்ற முடியாது. பல நாடுகளில், மறுப்பு முறை உள்ள இடங்களிலும்கூட, குடும்பம் உறுதியாக எதிர்த்தால் டாக்டர்கள் கத்தியை எடுப்பதில்லை. ஸ்பெயினில் குடும்பத்தைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. இறந்தவரின் மருத்துவ வரலாற்றைச் சொல்லவும் குடும்பம்தான் வேண்டும். ஆகவே ஏட்டில் இருக்கும் சட்டத்தைவிட, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு உங்கள் மனசு தெரியுமா என்பதே முடிவு செய்கிறது. பிரிட்டன் அனுபவத்தில், இறந்தவரின் விருப்பம் தெரிந்த குடும்பங்களில் பத்துக்கு ஒன்பது ஒப்புக்கொள்கின்றன. தெரியாத குடும்பங்களில் சம்மதம் வெகுவாகக் குறைகிறது. காரணம் கல்மனது அல்ல. 'அவர் வேண்டாம் என்று நினைத்திருந்தால்?' என்ற பயம்.

கேள்வி: பேசாமல் இருந்தவனின் உடலை அரசு எடுத்துக்கொள்வது தானமா, பறிப்பா?

'மௌனம் சம்மதம்' என்பது, கேள்வி காதில் விழுந்தவருக்குத்தான் பொருந்தும். கேட்கப்படாதவரின் மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. மறுப்பு முறை நியாயமாக இருக்க வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி நிஜமாகவே போய்ச் சேர வேண்டும். நெதர்லாந்து 2020-ல் புதிய முறைக்கு மாறியபோது, பதில் பதிவாகாத பெரியவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. பதில் வராவிட்டால் நினைவூட்டலும் அனுப்பியது. அதற்கும் பதில் இல்லை என்றால், 'ஆட்சேபம் இல்லை' என்று பதிவானதை அவருக்கே தெரிவித்தது. எந்நேரமும் மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள், இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லாதவர்கள், வந்து குடியேறி 12 மாதம் ஆகாதவர்கள் ஆகியோருக்கு அனுமானம் செல்லாது.

இந்த ஏற்பாடுகள் இல்லாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் உதாரணம். 1997-ல் மறுப்பு முறைச் சட்டம் செய்தார்கள். மறுப்பவர் அடையாள ஆவணத்திலோ ஓட்டுநர் உரிமத்திலோ அதைக் குறிக்க வேண்டும். ஆவணமே இல்லாத ஏழைகள் எங்கே போய்க் குறிப்பார்கள்? உடலைத் திருடுகிறார்கள் என்ற அச்சம் பரவியது, டாக்டர்களும் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1998-ல், அனுமானம் கைவிடப்பட்டது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்தச் சட்டம் இருப்பதையும் கெடுக்கும்.

எங்கள் நிலை இதுதான்: மறுக்க எளிய வழி, வீடுதோறும் விளக்கம், குடும்பத்தோடு பேசத் தெரிந்த ஆள் ஆகிய மூன்றும் இருந்தால் மறுப்பு முறையை ஆதரிக்கிறோம். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் செத்துக்கொண்டிருக்கும்போது, சோம்பலின் பலன் அவருக்குப் போவது தவறல்ல. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் விருப்ப முறையே போதும். சட்டத்தை மாற்ற ஆகும் பணத்தை ஒருங்கிணைப்பாளர்களுக்குச் செலவிடுவது நல்லது.

கேள்வி: தர மறுப்பவருக்கு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால் தள்ளலாமே?

சிங்கப்பூரில் அப்படித்தான், மறுத்தவருக்கு முன்னுரிமை குறையும். இஸ்ரேல் 2008 சட்டத்தின் மூலம், பதிவு செய்தவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கூடுதல் புள்ளி தருகிறது. கொடுக்காதவன் வாங்கலாமா என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மருத்துவத் தேவையைத் தவிர வேறொன்றை வரிசையில் நுழைப்பது எங்களுக்கு உறுத்துகிறது. அறியாமையால் மறுத்தவரும் நம்பிக்கையால் மறுத்தவரும் ஒரே தண்டனை பெறுகிறார்கள்.

கேள்வி: வயது எழுபது, சர்க்கரையும் உண்டு. என் உறுப்பை யார் எடுப்பார்கள்?

நீங்களே உங்களைத் தள்ளிவைக்க வேண்டாம். உச்ச வயது என்று ஒரு கோடு இல்லை. எண்பதைத் தாண்டியவரின் கல்லீரலும் பயன்பட்டிருக்கிறது. சர்க்கரை இருந்தால் கணையம் ஆகாது, மற்றவற்றைச் சோதித்து முடிவு செய்வார்கள். பரவிய புற்றுநோய் போன்ற சில நிலைகளில்தான் உறுப்புகளை அடியோடு விலக்குவார்கள். கண் இன்னும் எளிது. கண்ணாடி போட்டவரும் கண்புரை அறுவை செய்தவரும் கருவிழி தரலாம். வீட்டில் இறந்தாலும் தரலாம், ஆனால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும். கருவிழி காய்ந்தால் வீணாகிவிடும்.

கேள்வி: உடலை எந்த நிலையில் திருப்பித் தருவார்கள்?

மற்ற அறுவைச் சிகிச்சைகளைப் போலவே தையல் போட்டு, கட்டி, துடைத்துத் தருவார்கள். உடை உடுத்திய பின் தெரியாது. தாமதம் உண்டு. குடும்பம் சம்மதித்ததிலிருந்து உடல் கைக்கு வர ஒரு நாள்வரை ஆகலாம். விபத்து வழக்காக இருந்து பிரேதப் பரிசோதனையும் சேர்ந்தால் இன்னும் கூடலாம். இதை முதலிலேயே சொல்லாமல் விட்டதால், சம்மதித்துவிட்டுப் பாதியில் பின்வாங்கிய குடும்பங்கள் உண்டு.

கேள்வி: இப்போதே நான் என்ன செய்ய வேண்டும்? உயிலில் எழுதினால் போதுமா?

உயில் வேண்டாம். அதைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உங்கள் நாட்டின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதியுங்கள். மறுப்பு முறை உள்ள நாட்டிலும் 'ஆம்' என்று பதிவது நல்லது. வெறும் மௌனத்தைவிட எழுதிய ஆமுக்குக் குடும்பத்திடம் எடை அதிகம். எந்தெந்த உறுப்பு என்று பிரித்துச் சொல்ல வசதி இருந்தால் அதையும் நிரப்புங்கள். கண் மட்டும் வேண்டாம் என்பவர்கள் பலர், அதற்காக முழுப் பதிவையும் தவிர்க்க வேண்டியதில்லை. பதிவு எண்ணை அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டில் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டுமல்ல, முடிவெடுக்கும் இடத்தில் நிற்கப்போகிற எல்லோரிடமும். மனைவி சம்மதித்து அண்ணன் எதிர்த்தால் அங்கேயே நின்றுபோகும். 'தானம் செய்வது நல்லது' என்று பொதுவாகப் பேசுவது உதவாது. 'எனக்கு அப்படி ஒன்று ஆனால், கேட்பார்கள்; சரி என்று சொல்லுங்கள்' என்று நேராகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பது உங்கள் முடிவானாலும் இதே போலச் சொல்லிவிடுங்கள். தெளிவான மறுப்பும் அந்த நேரத்தில் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

கேள்வி: பிறகு மனம் மாறினால்?

பதிவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மாற்றிய அன்றே வீட்டிலும் சொல்லிவிடுங்கள். பழைய பேச்சுதான் அவர்கள் நினைவில் இருக்கும்.